காற்றால் பாடும் பேழை

திருவள்ளூரிலிருந்து மேற்கே திருத்தணி செல்லும் நெடுஞ்சாலையில் சிறிது தூரம் சென்றால் திருப்பாச்சூர் வரும். தேவாரப் பாடல் பெற்ற பழம்பதி. 'பாசு' என்னும் சொல்லுக்கு மூங்கில் என்று பொருள் கூறி, மூங்கிற்காடு நிறைந்திருந்தமையால் இவ்வூர் பாசூர் எனப் பெயர் பெற்றது என்று தலபுராணம் உரைக்கும். இன்று காட்டைத் தேடுவோர்க்கு வயல்களும் வீட்டுமனைகளுமே தென்படும். பணிமனைகளுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் பேருந்துகள் விடியற்காலையிலேயே விரைகின்றன. எனினும் பெயரில் மூங்கில் நின்றுவிட்டது. ஆர்கனைப் பற்றி எழுதப் புகுந்த நாம் மூங்கிலில் தொடங்குவானேன் என்று வாசகர்கள் ஐயுற வேண்டா. காரணம் பின்னே வரும்.

2024ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள், தீயினால் சிதைந்த பாரீஸ் நோத்ர் தாம் பேராலயம் மீண்டும் திறக்கப்பட்ட நிகழ்ச்சியை நம்மில் பலர் தொலைக்காட்சியில் கண்டோம். பேராயர் ஆர்கனை நோக்கி, உறங்குகின்ற ஒருவரை எழுப்புவதுபோல், விழித்தெழுமாறு மீண்டும் மீண்டும் அழைத்தார். ஒவ்வோர் அழைப்புக்கும் அது இசையால் மறுமொழி தந்தது. 2019 ஏப்ரல் 15இல் மூண்ட தீ அந்த ஆர்கனை எரிக்கவில்லை. ஆனால் உருகிய கூரையின் ஈயத்தூள் அதன்மேல் படிந்துவிட்டது. ஏறத்தாழ 8,000 குழாய்களைத் துப்புரவு செய்து மீண்டும் சுருதி கூட்டினார்கள். அந்நிகழ்ச்சியைக் கண்ட நம் பாடகர் குழு இளைஞர் ஒருவர் மறுநாள் நம்மிடம் கேட்டார்: "ஐயா, சுவர் முழுவதும் நிற்கும் அந்தக் குழாய்கள் உண்மையிலேயே ஒலிக்கின்றனவா? அல்லது பார்வைக்காக வைத்திருக்கிறார்களா?" நல்ல கேள்வி. விடை எளிது: முகப்பில் நிற்பவற்றுள் சில சிலவிடங்களில் பார்வைக்கு மட்டுமே உரியவை, ஆனால் அவற்றின் பின்னே, நம் கண்ணுக்குத் தெரியாமல், நூற்றுக்கணக்கான குழாய்கள் நின்று பாடுகின்றன.

பைப் ஆர்கனின் அமைப்பை அறியப் புல்லாங்குழலை நினைத்துக்கொண்டால் போதும். குழலூதுவோன் ஒரே குழலில் துளைகளை மூடியும் திறந்தும் பல சுரங்களை எழுப்புகிறான். ஆர்கனில் துளைகள் இல்லை. ஒரு சுரத்துக்கு ஒரு குழாய் என்பதே அங்கு விதி. வாய்க்கு மாற்றாகத் துருத்தி; விரலுக்கு மாற்றாகக் கட்டைகள். துருத்தியிலிருந்து வரும் காற்று, சீரான அழுத்தத்தோடு ஒரு மரப்பேழையில் தேங்கி நிற்கும். அப்பேழையின் மேல் குழாய்கள் வரிசையாக நடப்பட்டிருக்கும். கட்டையை அழுத்தினால் மெல்லிய மரச்சட்டங்கள் ஒன்றையொன்று இழுத்து, அக்குழாயின் அடியிலுள்ள தோல் பொதிந்த அடைப்பைத் திறக்கும். காற்று குழாயின் உதட்டில் மோதி ஒலி எழும். கட்டையினின்று விரலை எடுக்கும்வரை அவ்வொலி குன்றாது, தேயாது. வீணையின் நாதமும் பியானோவின் நாதமும் பிறந்த கணமே தேயத் தொடங்குகின்றன. ஆர்கனின் நாதம் அப்படியன்று. நீண்ட செபப் பாடல்களுக்கு அது பொருந்தி வந்தமைக்கு இதுவே காரணம் என்று நாம் கருதுகிறோம்.

குழாயின் நீளம் சுரத்தை நிர்ணயிக்கிறது. இருபுறமும் திறந்த 8 அடிக் குழாய் ஒரு தாழ்ந்த சுரத்தைத் தரும் என்றால், 4 அடிக் குழாய் அதே சுரத்தை ஒரு ஸ்தாயி மேலே தரும். 16 அடிக் குழாய் ஒரு ஸ்தாயி கீழே தரும். மிகப் பெரிய பேராலயங்களில் 32 அடிக் குழாய்களும் உண்டு. அவற்றின் ஒலியைக் காது கேட்பதைவிட நெஞ்சுக்கூடும் இருக்கைப் பலகையும் உணர்கின்றன என்பர். மறுகோடியில் பென்சில் அளவேயான குழாய்களும் இருக்கின்றன. இடம் போதாத ஆலயங்களில் ஒரு சூழ்ச்சி செய்வார்கள்: குழாயின் மேல்வாயை அடைத்துவிட்டால் பாதி நீளத்திலேயே அதே தாழ்ந்த சுரம் கிடைக்கும். ஒலி மட்டும் சற்று உள்ளடங்கி, மென்மையாக ஒலிக்கும்.

இனி, நாதத்தின் நிறம். ஒரே சுரத்தை மரக்குழாய் ஒருவிதமாகவும், வெள்ளீயமும் காரீயமும் கலந்து வார்த்த உலோகக் குழாய் வேறுவிதமாகவும் பாடும். அகலமும் உதட்டின் வெட்டும் மாறினால் இன்னும் வேறாகும். வேறொரு வகைக் குழாயின் அடியில் பித்தளை நாக்கு ஒன்று அதிரும். அது எக்காளம் போல் முழங்கும். நாதஸ்வரத்தின் சீவாளியை அறிந்த நமக்கு இதைப் புரிந்துகொள்வதில் இடர்ப்பாடு இல்லை. இப்படி ஒரு நிறத்துக்கு ஒரு முழு வரிசைக் குழாய்கள். ஒரு கட்டை வரிசையில் ஏறத்தாழ 60 கட்டைகள் இருப்பதால் பத்து நிறங்களுக்கு 600 குழாய்கள் வேண்டும். எந்த வரிசை பாட வேண்டும், எது வாய்மூடி நிற்க வேண்டும் என்பதை, வாசிப்பவரின் இருமருங்கும் உள்ள குமிழ்களை இழுத்தும் தள்ளியும் தீர்மானிக்கிறார்கள். அவற்றுக்கு ஸ்டாப் என்று பெயர். கைகளுக்கு இரண்டு, மூன்று கட்டை வரிசைகள். தாழ்ந்த சுரங்களுக்குக் காலால் மிதிக்கும் கட்டைகள். எனவே ஆர்கன் வாசிப்பவருக்குப் பாதரட்சையும் ஒரு பணிக்கருவியே.

இக்கருவி ஆலயத்தில் பிறந்ததன்று. கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் தெசிபியுஸ் என்னும் பொறியியல் அறிஞர், நீரின் எடையால் காற்றின் அழுத்தத்தைச் சீராக்கிக் குழல்களை ஒலிக்கச் செய்தார். உரோமையர் அதைக் கேளிக்கை அரங்குகளில் முழக்கினர். அக்காரணத்தால் தொடக்கத் திருச்சபை நெடுங்காலம் அதை அணுகவே இல்லை. 757ஆம் ஆண்டில் கீழைப் பேரரசர் ஐந்தாம் கான்ஸ்தாந்தின், பிராங்கு மன்னர் பெப்பினுக்கு ஓர் ஆர்கனைப் பரிசாக அனுப்பினார். அதன்பின் மேலை நாடுகளில் அது பரவி, படிப்படியாகத் துறவியர் மடங்களிலும் பேராலயங்களிலும் இடம்பெற்றது. பத்தாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வின்செஸ்டரில் இருந்த ஆர்கனின் துருத்திகளை 70 பேர் வியர்வை சொட்ட இயக்கினர் என்று அக்காலக் கவிதை ஒன்று கூறுகிறது. புலவர்க்கே உரிய மிகை அதில் சிறிது கலந்திருக்கலாம். ஆனால் பாடுவோரைவிடக் காற்று ஊதுவோர் மிகுந்திருந்த காலம் ஒன்று இருந்தது என்பதில் ஐயமில்லை. மின்விசிறி வந்து அவர்களுக்கு ஓய்வளித்தது.

நம் மண்ணுக்கு வருவோம். கடல்வழி வந்த ஐரோப்பியர் தம் ஆலயங்களோடு ஆர்கனையும் கொணர்ந்தனர். சென்னைக் கோட்டைக்குள் 1680இல் அர்ச்சிக்கப்பட்ட புனித மரியாள் ஆலயத்திலும், 1816இல் அர்ச்சிக்கப்பட்ட புனித ஜார்ஜ் பேராலயத்திலும் பைப் ஆர்கன்கள் உண்டு. நாம் பெரிதும் விரும்பும் ஆர்கனோ எழும்பூரில், 'கிர்க்' என்று மக்கள் அழைக்கும் புனித அந்திரேயா ஆலயத்தில் உள்ளது. 1821இல் திறக்கப்பட்ட அவ்வாலயம் இன்று தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது. அம்மண் இளகியது என்பதால், நம் நாட்டுக் கிணறுகளைப் போன்ற வட்டக் கிணறுகளை இறக்கி, அவற்றின்மேல் அடித்தளமிட்டார்கள். வட்டமான கூடத்தின் மேல் கவிந்த நீலக் கூரையைத் தூண்கள் தாங்குகின்றன. பீடத்துக்கு மேலே சுவர் நிறைய, மங்கிய பொன்னிறமும் வெளிறிய நீலமுமாக நிற்கிறது ஆர்கன். இங்கிலாந்தின் யார்க்ஷயரில் செய்து, கப்பலேற்றிக் கொணர்ந்து, 1883இல் அமைத்தார்கள்.

யார்க்ஷயர் குளிர்நாடு. அங்கே உலர்த்திய மரமும் பதனிட்ட தோலும் சென்னைக் கடற்காற்றில் என்ன பாடுபடும் என்பதை மரவேலை தெரிந்தவர் எவரும் ஊகிக்கலாம். ஐப்பசி மழையில் மரச்சட்டங்கள் உப்பிக் கட்டைகள் இறுகும். சித்திரை வெயிலில் அதே சட்டங்கள் சுருங்கிக் காற்றுப் பேழையில் வெடிப்பு விழும். தோல் மொரமொரப்பாகும். கரையானும் எலியும் இசையின் அருமை அறியா. அடைப்பு ஒன்று சரியாக மூடாவிட்டால், யாரும் தொடாமலேயே ஒரு குழாய் ஓயாது ஓலமிட்டுக்கொண்டிருக்கும். திருப்பலி நடுவே அவ்வாறு நேர்ந்தால் வாசிப்பவரின் முகம் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

வெப்பத்தின் விளையாட்டு இன்னும் நுட்பமானது. காற்று சூடேறச் சூடேற அதில் ஒலி விரைந்து செல்லும். ஆகவே குழாயின் சுருதி ஏறும். 15 பாகை குளிரில் சுருதி கூட்டிய குழாய், 32 பாகை வெம்மையில் ஏறத்தாழ அரைச் சுரத்தில் பாதியளவு உயர்ந்துவிடும். எல்லாக் குழாய்களும் ஒருசேர உயர்ந்தால் கேடில்லை. ஆனால் பித்தளை நாக்குள்ள குழாய்கள் அவ்வளவு உயர்வதில்லை. விளைவு, காலைத் திருப்பலியில் ஒத்திசைந்த இரு வரிசைகள் நண்பகலில் ஒன்றோடொன்று பூசலிடும். ஆகவே நம் நாட்டில் ஆர்கனை வாங்குவது பெரிதன்று, பேணுவதே பெரிது. பேணத் தெரிந்தவர் கடல் கடந்து இருப்பாராயின், ஒரு சிறு பழுதும் பல ஆண்டு மௌனமாகிவிடும். பெருஞ்செலவில் வந்து, பழுது நீக்குவாரின்றித் தூசி படிந்து நின்ற ஆர்கன் ஒன்றை நாமே கண்டிருக்கிறோம். அதன் கட்டைகளின் மேல் பழைய பாட்டுப் புத்தகங்களை அடுக்கி வைத்திருந்தார்கள். பெயர் சொல்லிப் பயனில்லை.

இந்நிலையில்தான் மூங்கில் நம் நினைவுக்கு வருகிறது.

பிலிப்பீன்ஸ் நாட்டின் தலைநகர் மணிலாவுக்கு அருகே லாஸ் பீனியாஸ் என்னும் ஊர். அக்காலத்தில் மீன்பிடிப்போரும் உப்பு விளைவிப்போரும் வாழ்ந்த எளிய சிற்றூர். 1795இல் அங்குப் பங்குத்தந்தையாக வந்தவர் ஸ்பெயின் நாட்டு அருட்தந்தை தியேகோ செரா. அகுஸ்தீன் சபையின் சீர்திருத்தப் பிரிவைச் சேர்ந்தவர். மக்களோடு சேர்ந்து கல்லால் ஆலயம் எழுப்பினார். ஆலயத்துக்கு ஆர்கன் வேண்டும் என்னும் விருப்பம் அவருக்கு இருந்தது. ஐரோப்பாவிலிருந்து உலோகக் குழாய்களை வரவழைக்கப் பங்கில் பணமில்லை. சுற்றிலும் பார்த்தார். எங்கும் மூங்கில் நின்றது.

1816இல் பணி தொடங்கியது. தேர்ந்தெடுத்து வெட்டிய மூங்கில்களைக் கடற்கரை மணலில் பல மாதம் புதைத்து வைத்தார்கள். உப்பு ஊறிய மூங்கிலைப் பூச்சி தீண்டாது என்பது அம்மண்ணின் மக்கள் அறிந்த உண்மை. நம்மூரில் மூங்கிலையும் பனஞ்சட்டத்தையும் நீரில் ஊறப்போட்டுப் பக்குவப்படுத்தும் வழக்கத்தை அறிந்தோர்க்கு இதில் வியப்பிருக்காது. மணலிலிருந்து எடுத்தபோது பழுதுறாமல் இருந்தவற்றை மட்டுமே குழாய்களாகச் செதுக்கினார்கள். மூங்கில் இயற்கையிலேயே உருண்டையானது என்றாலும் ஒன்றைப்போல் இன்னொன்று இராது. கணுவுக்குக் கணு உட்புழை மாறும். அத்தகைய பொருளில் நூற்றுக்கணக்கான குழாய்களைச் சுருதி பிசகாமல் அமைப்பது எத்தகைய பொறுமையைக் கேட்டிருக்கும்! 1821 அளவில் மூங்கில் குழாய்கள் பாடத் தொடங்கின. எக்காள ஒலிக்கு மட்டும் மூங்கில் இணங்கவில்லை. அவ்வரிசைகளை உலோகத்தால் செய்து, ஸ்பானிய வழக்கப்படி முகப்பிலிருந்து மக்களை நோக்கிக் கிடையாக நீட்டி வைத்து, 1824இல் பணியை நிறைவு செய்தார். மொத்தம் 1,031 குழாய்கள். அவற்றுள் 902 மூங்கில். எஞ்சிய 129 உலோகம். நீரில் அமிழ்த்திய சிறு குழல்கள் பறவைகளைப் போல் கூவும் ஒரு வரிசையும் அதில் உண்டு. சிறுவர்களை மகிழ்விக்கவே அதைச் செய்தாரோ என்று நமக்குத் தோன்றுகிறது.

அருட்தந்தை செரா 1832இல் இறைவனடி சேர்ந்தார். அதன்பின் அந்த ஆர்கன் பட்ட துன்பங்கள் பல. நிலநடுக்கங்களும் சூறாவளிகளும் ஆலயத்தைத் தாக்கின. கூரை சிதைந்து மழைநீர் இறங்கியது. குழாய்களைக் கழற்றி ஒதுக்கி வைத்தார்கள். பல பத்தாண்டுகள் அது பாடவில்லை. இருபதாம் நூற்றாண்டில் அவ்வப்போது சிறு சிறு பழுதுகளை நீக்கினாலும் முழுக்குரல் திரும்பவில்லை. இறுதியில் 1973இல் அதை முற்றிலும் பிரித்துச் சீரமைக்கும் பொறுப்பை ஜெர்மனியின் பான் நகரிலுள்ள கிளைஸ் பணிமனை ஏற்றது. அப்பணிமனையார் செய்த ஒரு செயல் நம் கருத்தைக் கவர்கிறது. ஜெர்மானியக் காற்றில் மூங்கில் வெடித்துவிடும் என்று அஞ்சி, பிலிப்பீன்ஸ் நாட்டின் வெம்மையையும் ஈரத்தையும் செயற்கையாக உண்டாக்கிய அறை ஒன்றை அமைத்து, அதனுள் வைத்தே வேலை செய்தார்கள். எழும்பூரின் கதையை அப்படியே திருப்பிப் போட்டது போலல்லவா இருக்கிறது! அங்கே குளிர்நாட்டு மரம் நம் வெம்மையில் வாடியது; இங்கே வெப்பநாட்டு மூங்கிலுக்காகக் குளிர்நாட்டார் தம் அறையை வெதுவெதுப்பாக்கிக் கொண்டனர். 1975இல் ஆர்கன் ஊர் திரும்பியது. மே 9ஆம் நாள் மீண்டும் பாடியது. அடுத்த ஆண்டு முதல் அதற்கென ஆண்டுதோறும் இசைவிழா நடைபெற்று வருகிறது.

அதைவிடப் பெரிய செய்தி பின்னர் நிகழ்ந்தது. அவ்வூரைச் சேர்ந்த இளைஞர்கள் ஐரோப்பா சென்று ஆர்கன் கட்டும் தொழிலைக் கற்றுத் திரும்பினர். தியேகோ செராவின் பெயரிலேயே லாஸ் பீனியாஸில் ஒரு பணிமனை எழுந்தது. இன்று பிலிப்பீன்ஸ் ஆலயங்களில் ஓர் ஆர்கன் பழுதுற்றால் கப்பலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

நம் நாட்டில் ஆர்கனின் இடத்தைப் பெரும்பாலும் ஆர்மோனியம் பிடித்துக்கொண்டது. அதுவும் ஐரோப்பாவில் பிறந்ததே. பாரீஸ் நகரத்துத் தெபேன் என்பவர் 1840களில் அதற்கு உரிமம் பெற்றார். குழாய்கள் இல்லை, பித்தளை நாக்குகள் மட்டுமே. காலால் மிதித்து வாசித்த அதனைத் தரையில் அமர்ந்து கையால் ஊதி வாசிக்கும் வடிவில் கல்கத்தாவின் துவாரகாநாத் கோஷ் மாற்றியமைத்தார். விலை குறைவு, தூக்கிச் செல்ல எளிது, உள்ளூரிலேயே செய்யலாம், உள்ளூரிலேயே பழுது பார்க்கலாம். அகில இந்திய வானொலி 1940இல் அதைத் தடை செய்து, 1971வரை விலக்கியே வைத்திருந்தபோதும், நம் சிற்றாலயங்களில் உபதேசியார்கள் அதை விட்டுவிடவில்லை.

திருச்சபையின் போக்கையும் இங்கே நினைவுகூர வேண்டும். திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் 1903இல் வெளியிட்ட இசை பற்றிய மடல், ஆலயத்தில் ஆர்கனை ஏற்று, பியானோவையும் முரசு போன்ற ஆரவாரக் கருவிகளையும் விலக்கியது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4ஆம் நாள் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, 120ஆம் எண்ணில், பைப் ஆர்கனை உயர்வாகப் போற்றுமாறு கூறியதோடு, திருவழிபாட்டுக்குத் தகுந்த பிற கருவிகளையும் உரிய அதிகாரிகளின் இசைவோடு ஏற்கலாம் என்றது. அதற்கு முந்திய எண்ணில், மறைபரப்பு நாடுகளில் அந்தந்த மக்களின் இசைமரபுக்கு உரிய மதிப்பளிக்கக் கட்டளையிட்டது. நம் ஆலயங்களில் மிருதங்கமும் புல்லாங்குழலும் பீடத்தருகே வந்தமர்ந்தது அதன்பின்தான். சிலர் முதற்பகுதியை மட்டும் படிக்கிறார்கள். சிலர் இரண்டாம் பகுதியை மட்டும். லாஸ் பீனியாஸின் பங்குத்தந்தையோ, சங்கம் கூடுவதற்கு 140 ஆண்டுகளுக்கு முன்பே, இரண்டையும் ஒரே பேழையில் இணைத்திருந்தார்.

நம் இளைஞருக்கு இவ்வளவையும் சொல்லி முடித்தபோது அவர் சிறிது நேரம் பேசவில்லை. அவர் காக்களூர்த் தொழிற்பேட்டையில் கடைசல் இயந்திரத்தில் பணிபுரிபவர். "ஒரு குழாயின் உதட்டை எவ்வளவு நுட்பமாக வெட்ட வேண்டும், ஐயா?" என்று கேட்டார். நூலில் கண்ட அளவைச் சொல்லலாம். கண்ணால் காண்பதே மேல் என்றோம். திருவள்ளூரில் புறநகர் ரயில் ஏறினால் சென்னை சென்ட்ரல். அங்கிருந்து எழும்பூர் கூப்பிடு தூரம். அடுத்த மாதம் ஒரு ஞாயிறன்று, நம் காலைத் திருப்பலி முடிந்தபின், பாடகர் குழுவினர் எண்மர் கிர்க் ஆலயத்துக்குச் செல்வதாக ஏற்பாடு. ஆலயத்தார் இசைந்தால் ஆர்கனின் பின்புறத்தையும் பார்த்துவர வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். இளைஞர் தம்மோடு அளவுகோல் ஒன்றையும் எடுத்துவருவதாகச் சொல்லியிருக்கிறார்.